அந்த நாட்களில் அண்ணன் எங்கே இருந்தார்?

கேள்வி:

எனக்கு 34 வயது. கோவையில் வேலை பார்க்கிறேன். கணவர், ஆறு வயதில் ஒரு மகள். என் அண்ணனுக்கு 39 வயது. டவுன் சிண்ட்ரோமோடு, அதாவது அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் ஒரு பிறவிக் குறைபாட்டோடு பிறந்தவன். கோவில்பட்டியில் அம்மாவோடு இருக்கிறான். சின்னப் பையனாக இருந்தபோது சில வருடம் சிறப்புப் பள்ளிக்குப் போனான், அப்புறம் வீடுதான். எனக்கு அந்த வயதில் அவனால் வெட்கமாக இருக்கும். தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவனைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடம் முன்பு மாரடைப்பில் இறந்தார். அன்றைக்கும் அண்ணன் பயந்துவிடுவான் என்று பெரியம்மா வீட்டிலேயே வைத்திருந்தோம். சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். இப்போதும் திடீரென்று "அப்பா எப்போ வருவாங்க?" என்று கேட்பான். "ஊருக்குப் போயிருக்காங்க" என்று அம்மா சொல்லிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் பேசுவேன். "சாப்பிட்டியாண்ணே?" "ம்." "என்ன செய்யுற?" "டிவி." அதற்கு மேல் எனக்கும் பேச்சு வராது, அவனுக்கும் வராது. ஊருக்குப் போனாலும் இதே கதைதான். வீட்டில் அவன் செய்யும் ஒரே வேலை தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது. வேறு யாரையும் தொடவிடமாட்டான். கிழித்த தாளையெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வைத்திருக்கிறான். தனியாக இருக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்கிறான், அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு 66 ஆகிறது. "எனக்கப்புறம் அவனுக்கு நீதாம்மா" என்பதுதான் போனில் எப்போதும் பேச்சு. நான் பார்த்துக்கொள்வேன், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் என் அண்ணனை எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வயதுக்கு மேல் அண்ணன் தங்கையாக நெருங்க முடியுமா?

— வாசகி, கோவை

பதில் (மறுவாழ்வு உளவியலாளர்):

அன்புச் சகோதரி,

உங்களுக்கும் அண்ணனுக்கும் பேச எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், உங்கள் வீட்டின் பெரிய நாட்களைச் சொல்லும்போதெல்லாம் அண்ணன் பெரியம்மா வீட்டில் இருக்கிறார். பெண் பார்க்க வந்த நாளில் அவர் இல்லை. அப்பா போன நாளிலும் இல்லை. நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். உங்கள் மகளுக்கு யார் மடியில் வைத்துக் காது குத்தினீர்கள்? கொள்ளி வைத்த அதே சித்தப்பா மகனின் மடி என்றால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

அண்ணன் தங்கைக்குள் பேச்சு எங்கிருந்து வருகிறது? "அன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பஜ்ஜியை எப்படிச் சாப்பிட்டாங்க, ஞாபகம் இருக்கா?", "அப்பா அந்த சைக்கிளை ஒருத்தருக்கும் தரமாட்டாங்களே!" இப்படித்தான் வருகிறது. சேர்ந்து இருந்த நாட்கள்தான் பிற்பாடு பேச்சாகின்றன. உங்கள் இருவருக்கும் அப்படிப்பட்ட நாட்கள் மிகக் குறைவு. அதற்கு டவுன் சிண்ட்ரோமைக் குறை சொல்ல முடியாது. அவரைப் பாசத்தோடும் பயத்தோடும், சில சமயம் வெட்கத்தோடும், முக்கியமான நேரங்களில் அப்புறப்படுத்தி வைத்ததால் வந்த விலகல் இது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், முடியும். ஆனால் வீடியோ காலில் இன்னும் பத்து நிமிடம் கூட்டிப் பேசுவதால் வராது. அவருக்கு வீட்டில் உரிய இடங்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் தருவதால் வரும்.

மறைப்பது ஏதோ நம் ஊர்ப் பழக்கம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் கென்னடி குடும்பத்தைவிடப் பெயர் பெற்ற குடும்பம் உண்டா? அதிபராக இருந்த ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. 1941-ல், அவருக்கு 23 வயதானபோது, தந்தையின் முடிவில் மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அது அவரை முன்னைவிட மோசமாக முடக்கிவிட்டது. அதன்பின் வெகு தொலைவில் ஒரு காப்பகத்தில் வைத்து, வெளியில் பேசாமலே இருந்தார்கள். 1962-ல் ரோஸ்மேரியின் தங்கை யூனிஸ்தான் ஒரு பத்திரிகையில் தன் அக்காவைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். சின்ன வயதில் அக்காவோடு நீச்சலடித்தவர், படகு ஓட்டியவர் அவர். 1968-ல் சிகாகோவில் அவர் முன்னின்று தொடங்கியதுதான் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். யூனிஸ் அந்த எழுத்தை எழுதும்போது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. உங்களுக்கு 34.

வெட்கப்பட்டதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். நானும் அதைச் சுருக்கமாகவே தொட்டுவிட்டுப் போகிறேன். தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது பத்து வயதுக் குழந்தைக்கு வெட்கம் வருவது இயல்பு. அந்த வயதில் உங்களிடம் யாரும் உட்கார்ந்து எதையும் விளக்கிச் சொல்லியிருக்கமாட்டார்கள். வீட்டில் நல்ல பிள்ளையாக, தொந்தரவு தராத பிள்ளையாக வளர வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இருந்திருக்கும். இதற்காக இன்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுது மன்னிப்புக் கேட்க வேண்டாம். நீங்கள் ஏன் அழுகிறீர்கள் என்று புரியாமல் அவர் கலங்கிப் போவார், உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும்.

முதலில் செய்ய வேண்டியது அப்பாவைப் பற்றிப் பேசுவது. அதிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மூன்று வருடமாக உங்கள் அண்ணன் அப்பாவுக்காகக் காத்திருக்கிறார். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றால் அவர் அதை அப்படியே எடுத்துக்கொள்வார். ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரவேண்டும், அப்பா வரவில்லை. ஏன்? என்மேல் கோபமா? நான் ஏதாவது தப்பு செய்தேனா? இந்தக் கேள்விகளை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர்கள் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு ஒடுங்கிப் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கோவைக்குக் கிளம்பும்போது நீங்களும் "ஊருக்குப் போயிட்டு வர்றேண்ணே" என்றுதானே சொல்வீர்கள்? அப்பா போன அதே ஊருக்குத்தான் நீங்களும் போகிறீர்கள் என்று அவர் நினைத்திருந்தால், உங்களோடு ஒட்டாமல் இருப்பதில் அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. பெரியம்மா வீட்டுக்குப் போகச் சொன்னாலும் அவர் முகம் மாறுகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அங்கே போய்விட்டுத் திரும்பி வந்தபோது வீட்டில் அப்பா இல்லை என்பது அவருக்கு நன்றாகவே நினைவிருக்கும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, வீட்டில் சந்தடி இல்லாத ஒரு நேரத்தில், அப்பா படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். நேரடியான, சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள். "அண்ணே, அப்பா செத்துட்டாங்க. அவங்க நெஞ்சு வேலை செய்யலை. டாக்டர் பார்த்தாங்க, காப்பாத்த முடியலை. அப்பா இனிமே வர மாட்டாங்க. நீ எந்தத் தப்பும் பண்ணலை. எனக்கும் அப்பா ஞாபகமா இருக்கு." இவ்வளவு போதும். சாமிகிட்டப் போயிட்டாங்க, தூங்குறாங்க என்றெல்லாம் மென்மையாக்கப் போனால் மறுபடி குழப்பம்தான். தூங்குவதற்கே பயந்துபோனவர்களும் உண்டு. நெஞ்சு என்று சொன்னதும் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாரானால், "உன் நெஞ்சு நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுங்கள்.

அவர் அழலாம். எதுவுமே நடக்காதது போல எழுந்து போய் டிவியைப் போடலாம், நாலு நாள் கழித்து அழலாம். மறுபடி மறுபடி அதே கேள்வியைக் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகளில், அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். அம்மாவும் அதே வார்த்தைகளைச் சொல்லவேண்டும் என்பது முக்கியம். துக்கம் அவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் மற்றவர்களின் முகத்தையும் வீட்டின் மனநிலையையும் பல நேரம் நம்மைவிட வேகமாகப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் அதற்கான காரணம் சொல்லப்படாதபோது தாமே ஒரு காரணத்தைச் செய்துகொள்கிறார்கள்.

அப்புறம் திதி வரும். இந்த வருடம் அந்த நாளில் அண்ணன் வீட்டில், நடுக்கூடத்தில் இருக்கட்டும். முந்தின நாள் மாலை வாங்க அவரையும் கூட்டிப் போங்கள். படத்துக்கு மாலை போடுவது அவர் வேலை. இலையில் வைக்கும் பதார்த்தங்களில் அப்பாவுக்குப் பிடித்தது எது என்று அவரிடம் கேளுங்கள். காக்கைக்குச் சோறு வைப்பதும் அவர் கையால் நடக்கட்டும். மூத்த மகன் செய்யவேண்டியதைச் சித்தப்பா மகன் செய்தது அன்றைய சூழ்நிலை. இனிமேல் அப்படி இருக்கவேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு மந்திரம் சொல்ல வராது, உட்கார முடியாது என்றெல்லாம் யாராவது சொல்லக்கூடும். எவ்வளவு வருமோ அவ்வளவு போதும் என்று நீங்கள் சொல்லுங்கள். உலகத்தில் உங்கள் அப்பாவை "அப்பா" என்று கூப்பிட்டவர்கள் நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அந்த இழப்பைச் சேர்ந்து அனுபவிக்காமல் வேறு எதைப் பேசி நெருங்க முடியும்?

அடுத்தது காலண்டர். இதை நீங்கள் ஒரு விநோதப் பழக்கமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல செய்தி. ஒவ்வொரு நாளும் ஒரு வேலையை மறக்காமல், ஒழுங்காக, பொறுப்போடு செய்கிற ஒரு மனிதர் அந்த வீட்டில் இருக்கிறார் என்று தெரிகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்கு ஒழுங்கும் வரிசையும் பிடிக்கும். கேட்டுப் புரிந்துகொள்வதைவிடக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வது அவர்களுக்குச் சுலபம். ஆனால் காலம் என்பது பார்க்க முடியாத விஷயம். "அடுத்த மாசம் வர்றேன்" என்று நீங்கள் சொன்னால் அது அவருக்கு நாளையா, அடுத்த பொங்கலா என்று தெரியாது. தாள் கிழிப்பதன் மூலம் அவர் காலத்தைக் கையால் தொட்டுப் பார்க்கிறார்.

அதே போல ஒரு தினசரி காலண்டரை வாங்கி உங்கள் கோவை வீட்டில் மாட்டுங்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு நிமிடம், ஒரே நேரத்தில், அவருக்குப் போன் செய்யுங்கள். "அண்ணே, தாள் கிழிக்கலாமா?" அவர் அங்கே கிழிக்கட்டும், உங்கள் மகள் இங்கே கிழிக்கட்டும். தாளை கேமராவில் காட்டச் சொல்லுங்கள். சிவப்பு எழுத்தில் இருந்தால் லீவு என்று அவரே சொல்வார், கொஞ்ச நாளில். நீங்கள் ஊருக்கு வரும் தேதித் தாளில் அம்மாவிடம் சொல்லி ஒரு பெரிய வட்டமோ உங்கள் படமோ ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். அவர் கிழித்துக்கொண்டே வந்து உங்களை அடைவார். அந்தத் தேதியை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். ஞாயிறு தோறும் அரைமணி நேரம் வரும் தங்கையைவிட, தினமும் இரண்டு நிமிடம் வரும் தங்கைதான் அவர் வாழ்க்கைக்குள் இருப்பவள்.

இப்போது பேச்சைப் பற்றி. "சாப்பிட்டியா" என்பதற்கு "ம்" என்றுதான் யாரும் பதில் சொல்வார்கள். அவருக்கு வார்த்தை கோத்துப் பேசுவது சிரமம், தான் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவருக்குப் பேச வராது. வாய்த் தசைகள் தளர்வாக இருப்பதால் உச்சரிப்பும் தெளியாது. ஒரு கேள்வியை வாங்கி, யோசித்து, பதிலை வாய்க்குக் கொண்டுவர நம்மைவிட அதிக நேரம் பிடிக்கும். நாம் என்ன செய்கிறோம்? இரண்டு நொடி பொறுத்துவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம். அல்லது அம்மா பின்னாலிருந்து "இட்லின்னு சொல்லு" என்கிறார். அடுத்த முறை ஒன்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஆறு, ஏழில் உங்களுக்குத் தவிப்பாக இருக்கும். எட்டில் அவர் வாய் திறக்கலாம்.

இரண்டில் எது என்று கேட்டாலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். "தோசையா, பூரியா?" என்றால் "பூரி" என்பார். "பூரியா, தோசையா?" என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள், "தோசை" என்று வரக்கூடும். கடைசியாகக் காதில் விழுந்ததைச் சொல்வதும், எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டுவதும் அறிவுசார் குறைபாடு உள்ள பலருக்கு உண்டு. கேட்டது முழுதாக மனதில் நிற்காததாலும், எதிராளியைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று பழகிப்போனதாலும் வருவது அது. அதனால் சாமானையே காட்டுங்கள். இரண்டு சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டால் அவர் கை எதன்மேல் போகிறதோ அதுதான் பதில்.

அவர் சொல்வது விளங்கவில்லை என்றால் விளங்கியது போல நடிக்க வேண்டாம். நடிப்பது அவருக்குத் தெரிந்துவிடும். "எனக்குப் புரியலைண்ணே, காட்டு" என்று கேளுங்கள். இன்னொன்று, "இது என்ன கலர்? இது எத்தனை?" என்று பாடம் கேட்காதீர்கள். படித்த தங்கைகளுக்கு இந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. உங்களுக்கே பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டால் அது பரீட்சை. 39 வயது மனிதருக்கு வீட்டுக்கு வரும் தங்கை தினம் பரீட்சை வைத்தால் அவர் டிவிப் பக்கம்தான் போவார்.

ஊருக்குப் போகும்போது பேச்சைவிட வேலை உதவும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவரின் அக்காவுக்கு அறிவுசார் குறைபாடு. அவரும் உங்களைப் போலவே, அக்காவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்தவர். சனிக்கிழமை சாயங்காலம் அக்கா முருங்கைக்கீரை உருவுவார், அப்போது கூட உட்காருங்கள் என்று மட்டும் சொன்னேன். முதலில் இவர் வேகவேகமாகக் காம்போடு சேர்த்து உருவித் தட்டில் போட்டிருக்கிறார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டு, "இரு" என்று சொல்லி, ஒரு இணுக்கை எடுத்து நுனியிலிருந்து மெல்ல உருவிக் காட்டி, காம்பை மட்டும் தனியாக, ஒரே நீளத்துக்கு அடுக்கி வைத்தாராம். "எனக்கு இத்தனை வருஷத்துல அவ சொல்லிக்கொடுத்த முதல் விஷயம் சார் அது" என்றார் அவர். இப்போது அந்தச் சனிக்கிழமைக் கீரைக்காக வெளியூர் வேலையிலிருந்து திரும்பிவிடுகிறார். கீரை உருவும்போது அக்கா பேசுகிறார். தெருவில் யார் சண்டை போட்டார்கள், பூனை எங்கே குட்டி போட்டது என்று எல்லாம் வருகிறது. கை வேலையில் இருக்கும்போது, எதிரெதிரே முகம் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பேச்சு தானாக வரும்.

உங்கள் அண்ணனுக்கு எது வரும் என்று எனக்குத் தெரியாது. துணி மடிப்பதாக இருக்கலாம், கடலை உடைப்பதாக இருக்கலாம், பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதாகவும் இருக்கலாம். அவருக்கு உங்களைவிட நன்றாக வரும் ஒன்றைத் தேடுங்கள். இதுவரை எல்லோரும் அவருக்குச் செய்துதான் பழக்கம், அவர் யாருக்கும் எதையும் செய்யக் கிடைத்ததில்லை. டீக்கடையில் காசு அவர் கையில் இருக்கட்டும், அவரே கொடுக்கட்டும். தங்கைக்கு டீ வாங்கித் தந்த அண்ணனாக அவர் வீட்டுக்குத் திரும்பட்டும். நாள் முழுக்க டிவி முன் உட்காருவதற்கு முக்கிய காரணமே செய்ய எதுவும் இல்லாததுதான். பள்ளியை விட்ட பிறகு இத்தனை வருடம் ஒரு தொழிற்பயிற்சி மையமோ பகல்நேர மையமோ இல்லாமல் போனது வருத்தத்துக்குரியது. தூத்துக்குடியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அருகில் அப்படி என்ன இருக்கிறது என்று விசாரியுங்கள். 39 வயது அதற்குத் தாமதம் இல்லை.

தனக்குத்தானே பேசுவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களில் இது மிகப் பரவலாகக் காணப்படுவது. அன்றைக்கு நடந்ததைத் தாமே திருப்பிச் சொல்லிப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்கிறார்கள். நாம் மனதுக்குள் ஓட்டுவதை அவர்கள் வாய்விட்டு ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான். தடுக்காதீர்கள், ஒளிந்து நின்று கேட்கவும் செய்யாதீர்கள். தனியாக இருக்கும்போது செய்கிறார் என்றால், அது அந்தரங்கம் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் குரலில் கோபமோ பயமோ கூடினால், தன்னையே திட்டிக்கொண்டால், முன்பு பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போய், தூக்கமும் சாப்பாடும் மாறினால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். அப்பா இறந்த பிறகுதான் இது கூடியதா என்று அம்மாவிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

உடல்நிலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "அவன் அப்படித்தான்" என்று விட்டுவிடும் பல விஷயங்கள் சரிசெய்யக் கூடியவை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவு சாதாரணமாக வரும். சோர்வு, ஒதுங்கி இருத்தல், எடை கூடுதல் எல்லாம் அதனால் இருக்கலாம். வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை போதும். காதுத் துளை குறுகலாக இருப்பதால் அழுக்கு அடைத்துக் காது மந்தமாகும். நீங்கள் பேசுவதற்கு அவர் "ம்" மட்டும் சொல்வது, பாதி கேட்காததாலும் இருக்கலாம். கண்புரையும் சீக்கிரம் வரும். தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் பகலெல்லாம் மந்தமாகத்தான் இருப்பார். வலியை அவர் சொல்லமாட்டார். நடத்தை மாறினால் முதலில் பல், காது, வயிறு என்று உடம்பைப் பாருங்கள்.

1983-ல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் அமெரிக்கக் கணக்கில் 25 வயது. இன்று அங்கே சுமார் 60. அதாவது உங்கள் அண்ணனுக்கு முன்னால் நல்ல நீண்ட காலம் இருக்கக்கூடும், உங்களுக்கும் அவரோடு பழக அவ்வளவு காலம் இருக்கிறது. கூடவே கவனிக்க வேண்டியது, அல்சைமர் என்னும் மறதி நோய் இவர்களுக்கு மற்றவர்களைவிட முன்பே, 40, 50 வயதுகளில் தலைகாட்டக்கூடும் என்பது. அந்த நோய்க்குக் காரணமான புரதத்தோடு தொடர்புடைய மரபணு ஒன்று 21-வது குரோமோசோமில் இருக்கிறது. இவர்களுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்று கூடுதல். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இப்போது அவர் என்னென்ன தானாகச் செய்கிறார் என்பதைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். சட்டைப் பித்தான் போடுவது, பல் துலக்குவது, கடைக்குப் போய் வருவது, தாள் கிழித்து அடுக்குவது. பின்னாளில் ஏதாவது குறைகிறதா என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. எடுத்ததை அவருக்கும் போட்டுக் காட்டுங்கள். தன்னைத் திரையில் பார்க்க அவருக்கு நிச்சயம் பிடிக்கும்.

உங்கள் மகள் ஆறு வயதுக்காரி. மாமா ஏன் இப்படிப் பேசுறாங்க என்று கேட்பாள், கேட்கட்டும். "மாமா பிறக்கும்போதே அப்படித்தான் பாப்பா, அவருக்கு எல்லாம் மெதுவா வரும், உனக்கு அவரு தாய்மாமா" என்று சொல்லுங்கள். குழந்தைக்கு அதற்கு மேல் தேவைப்படாது. காது குத்தியது போனது போகட்டும். அவள் பெரியவளாகும்போது தாய்மாமன் சீர் யார் கொண்டுவருவது என்பதை இன்றே உங்கள் மனதில் முடிவு செய்துவையுங்கள். அதற்கு முன் பிறந்தநாள் வரும், பள்ளிக்கூட ஆண்டுவிழா வரும். கணவரிடமும் இதைப் பேசிவிடுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அண்ணன் வருவார், முன்வரிசையில் உட்காருவார் என்பது உங்கள் வீட்டில் விவாதத்துக்குரிய விஷயமாக இருக்கக் கூடாது.

கடைசியாக அம்மா. "எனக்கப்புறம் நீதான்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் உங்களுக்கு அண்ணன் ஒரு சுமையின் வடிவத்தில்தான் தெரிவார். பொறுப்பை எழுத்தில் கொண்டுவந்துவிட்டால் அந்தப் பேச்சு ஓயும், பாசத்துக்கும் இடம் கிடைக்கும். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அறிவுசார் குறைபாடு உள்ள, 18 வயது கடந்த ஒருவருக்குச் சட்டப் பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் நிலைக் குழு இருக்கிறது. அம்மா இருக்கும்போதே அதற்கு விண்ணப்பிப்பது பற்றிப் பேசுங்கள். அப்பா அரசு ஆசிரியர் என்பதால், அம்மாவுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் அண்ணனுக்குத் தொடர வழி உண்டு. அவர் பெயரும் குறைபாட்டுச் சான்றும் முன்கூட்டியே ஓய்வூதிய ஆவணங்களில் ஏறியிருப்பது நல்லது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இருக்கிறதா, அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்களா என்றும் பாருங்கள்.

அவர் எங்கே வாழ்வார் என்பதை இப்போதே தீர்மானிக்கத் தேவையில்லை. ஆனால் கோவைக்கு இப்போதிருந்தே வந்து போகட்டும். முதல் தடவை அம்மாவோடு இரண்டு இரவு, பிறகு அம்மா இல்லாமல் இரண்டு இரவு, பிறகு ஒரு வாரம். துணையின்றிப் பயணம் செய்ய முடியாத அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் உடன் வருபவருக்கும் ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு, அதற்குரிய மருத்துவச் சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் இவர்களுக்கு மிகக் கொடுமையாக அமைவது, அம்மா இறந்த அதே நாளில் வீட்டையும் இழந்து, பழக்கமில்லாத ஒரு இடத்துக்குப் பெட்டியோடு கொண்டுபோகப்படுவது. உங்கள் வீட்டில் அவருக்கென்று ஒரு படுக்கை, ஒரு தட்டு, அவர் கிழிக்க ஒரு காலண்டர் முன்பே இருந்தால் அந்தக் கொடுமை நேராது.

அம்மா இதற்கெல்லாம் முதலில் ஒத்துக்கொள்ளமாட்டார். அவனுக்குத் தெரியாதும்மா, பயந்துருவான், அழுவான் என்பார். 39 வருடம் ஒரு பிள்ளையைக் கண்ணில் வைத்துக் காப்பாற்றியவரிடம் போய் நீங்கள் செய்தது தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். திதி நாளில் அண்ணனை வீட்டில் வைத்துக்கொள்வோம் என்ற ஒன்றை மட்டும் கேளுங்கள். அன்றைக்கு அவர் பதறினால் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் கூட உட்கார்ந்துகொள்வது உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். மற்றதை அதற்குப் பிறகு அம்மாவிடம் பேசிக்கொள்ளலாம்.